'ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்' என்றால் என்ன? ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொல்வது, எழுதுவது?

கேள்வி கேட்டவர் ஆம்பூர் பக்கம். தமிழ் வழியில் வேதியியல் படித்துவிட்டு தோல் கம்பெனி லேபில் வேலை தேடுகிறார். ரிப்போர்ட்டுகளில் இந்தச் சொல் அடிக்கடி வருகிறதே, பொருள் என்ன, இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறார். நான் ராணிப்பேட்டையில் தோல் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். தினமும் புழங்குகிற சொல் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பள்ளியில் 'இணைதிறன்' என்று படித்திருப்பீர்கள். அதுதான் வேலன்ஸி. ஹெக்ஸா என்றால் ஆறு, ட்ரை என்றால் மூன்று. ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் ஆறு இணைதிறன் கொண்டது, ட்ரைவேலன்ட் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது. உச்சரிக்கும்போது அழுத்தம் 'வே'யில் விழ வேண்டும்: ஹெக்ஸா-வே-லன்ட், ட்ரை-வே-லன்ட். ரிப்போர்ட்டில் குரோமியத்தின் குறியீட்டுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ரோமன் எண் இருக்கும். அதை எழுத்து எழுத்தாகப் படிக்காமல் 'குரோமியம் சிக்ஸ்', 'குரோமியம் த்ரீ' என்று சொல்லுங்கள். கல்லூரிப் பாடத்தில் 'ஆக்ஸிடேஷன் ஸ்டேட் ப்ளஸ் சிக்ஸ்' (ஆக்சிஜனேற்ற நிலை +6) என்பார்கள். தொழிற்சாலையிலும் சட்ட விதிகளிலும் ஹெக்ஸாவேலன்ட் என்ற சொல்தான் ஓடுகிறது. குரோமியத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே பொருள்தான்.

இலக்கணப்படி இது பெயரடை. பெயர்ச்சொல் இல்லாமல் தனியாக நிற்காது. லேபில் பேச்சுக்கு 'ஹெக்ஸா வந்திருக்கா?' என்று கேட்டுக்கொள்வோம். எழுதும்போது 'ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்' என்று முழுதாக எழுதிவிடுங்கள். அதைவிட முக்கியம், வெறுமனே 'குரோமியம் இருக்கிறது' என்று எழுதாதீர்கள். நம் பக்கத்து டேனரிகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) தோலோடு சேர்த்துச் சுழற்றும் டிரம்மில் போடுகிற பச்சைப் பவுடர் பேசிக் குரோமியம் சல்ஃபேட். அது ட்ரைவேலன்ட். வெட் ப்ளூ தோலுக்கு, அதாவது குரோமியத்தில் பதனிட்டு இன்னும் ஈரமாக இருக்கும் தோலுக்கு, அந்த நீல நிறம் வருவதே அதனால்தான். அந்தத் தோலில் குரோமியம் இல்லாமல் இருக்க வழியே இல்லை. ஆறாவது நிலையில் இருப்பதுதான் புற்றுநோய் உண்டாக்கும், தோல் ஒவ்வாமையைக் கொண்டுவரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே முதல், உடம்பில் படும் தோல் பொருட்களில் இது கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் விற்க முடியாது. ரிப்போர்ட்டில் 'டோட்டல் குரோமியம்' என்று ஒரு வரி தனியாக வரும். அது இரண்டும் சேர்ந்தது. அந்த எண் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஆங்கிலம் கற்பவர்களை இந்த இடத்தில் உண்மையிலேயே தடுமாற வைப்பது, இதோடு சேர்ந்து வரும் 'ரெட்யூஸ்' என்ற வினைதான். பேச்சு ஆங்கிலத்தில் அதற்குக் குறைத்தல் என்று பொருள். வேதியியலில் 'ஒடுக்கம்'. 'ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் வாஸ் ரெட்யூஸ்டு டு ட்ரைவேலன்ட் குரோமியம்' என்றால் ஆறு மூன்றாக மாறிவிட்டது, மொத்தக் குரோமியம் ஒரு துளிகூடக் குறையவில்லை. பேசிக் குரோமியம் சல்ஃபேட் தயாரிப்பதே இப்படித்தான். ஆரஞ்சு நிற டைக்ரோமேட்டை (இது குரோமியம் சிக்ஸ் உள்ள உப்பு) கந்தக அமிலத்தில் கரைத்து மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) சேர்த்தால் ஒடுக்கம் நடந்து கரும்பச்சையாகிவிடும். அதே வினைக்குப் பின்னால் 'டு' வராமல் 'பை' வந்து, கூடவே ஒரு எண்ணோ சதவீதமோ இருந்தால் அங்கே அளவு குறைந்தது என்று அர்த்தம். 'ரெட்யூஸ்டு டு' என்பதற்குப் பின்னால் வெறும் அளவு வந்தாலும் குறைந்தது என்றுதான் பொருள். ஆகவே 'டு'வை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், அதற்குப் பின்னால் வேறொரு பொருளின் பெயர் நிற்கிறதா, எண் நிற்கிறதா என்று பாருங்கள். கழிவுநீர் ரிப்போர்ட்டில் இதை மாற்றிப் புரிந்துகொண்டால், மொத்தக் குரோமியம் அப்படியே கிடக்கும்போது தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துவிடுவோம். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் மொத்தக் குரோமியத்துக்கே லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் வரம்பு.

இதற்கு எதிர்ப்பதம் 'ஆக்ஸிடைஸ்டு டு'. டிரம்மில் போட்டது மூன்றாக இருந்தாலும், அதிக வெப்பம், வெயில், தோலுக்கு மென்மை தரச் சேர்க்கும் சில வகை மீன் எண்ணெய்கள் ஆகியவற்றால் தோலுக்குள்ளேயே கொஞ்சம் ஆறாக மாறக்கூடும். ஃபார்ம்ட் என்ற வினையும் இங்கே வரும்: 'ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் கேன் பி ஃபார்ம்ட் டியூரிங் ஸ்டோரேஜ்', அதாவது சேமித்து வைத்திருக்கும்போதும் அது உண்டாகலாம். இன்டர்வியூவில் இந்த ஒரு வாக்கியத்தைத் தெளிவாகச் சொன்னாலே, உங்களுக்கு விஷயம் தெரியும் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

சோதனையைக் கண்ணால் பார்த்தால் சொல் மறக்காது. தோலைப் பொடிப்பொடியாக வெட்டி, 2 கிராம் எடை போட்டு, 8-ஐ ஒட்டிய பிஎச் உள்ள பாஸ்பேட் கரைசலில் 3 மணி நேரம் குலுக்குவோம். கரைசலில் இருக்கும் ஆக்ஸிஜனை முதலிலேயே வெளியேற்றிவிட வேண்டும், இல்லையென்றால் சோதனை நடக்கும்போதே புதிதாக ஆறு உண்டாகும் வாய்ப்பு உண்டு. வடிகட்டி, அமிலமாக்கி, டைஃபீனைல்கார்பசைடு என்ற நிறம் காட்டும் வேதிப்பொருளைச் சேர்த்ததும், ஆறு இருந்தால் தெளிந்த நீர் ஊதாச் சிவப்பாக மாறும். மூன்று மட்டும் இருந்தால் அந்த நிறம் வராது. நிறத்தின் அடர்த்தியை 540 நானோமீட்டரில் அளப்போம். நிறமே வரவில்லை என்றால் 'நாட் டிடெக்டட்' என்று எழுதி, பக்கத்திலேயே டிடெக்ஷன் லிமிட்டையும் போடுவோம். 'ஜீரோ' என்றோ 'நில்' என்றோ எழுதக்கூடாது. நம் முறையால் பிடிக்க முடியாத அளவு இருக்கலாம் என்பதால்தான் அந்த வழக்கம்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மேட்டைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மழை பெய்தால் அங்கே மஞ்சளாகத் தேங்கும் தண்ணீரில் இருப்பது குரோமேட், அதாவது குரோமியம் சிக்ஸ். அதைப் பற்றிய ஆங்கிலச் செய்திகளையும் தீர்ப்பாய உத்தரவுகளையும் தேடிப் படியுங்கள். 'கன்டாமினேட்டட் வித்', 'லீச்டு இன்டு தி கிரவுண்ட்வாட்டர்', 'டிரேசஸ் ஆஃப்' என்று இந்தச் சொல்லோடு கூட வரும் தொடர்கள் எல்லாம் அவற்றில் கிடைக்கும். நம் ஊர் விஷயம் என்பதால் படிப்பதும் எளிது.