கழித்தல் தெரியாத கூட்டம்

அன்புள்ள ஐயா,

எங்கள் கல்லூரிக் கணித மன்றத்தில் சுமார் அறுபது பேர் முன்னால் 1089 வித்தையைச் செய்துகாட்டினேன். மூன்று இலக்க எண் ஒன்றை நினைத்து, அதைத் திருப்பி எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, வந்த விடையையும் திருப்பி எழுதிக் கூட்டினால் 1089 வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உறைக்குள் அந்த எண்ணை எழுதி வைத்திருந்தேன். பிரித்துக் காட்டியதும் பாதிப் பேர் கைதட்டினார்கள், மறுபக்கம் ஒரே சிரிப்பு. சிலருக்கு 198, ஒருவருக்கு 0. கல்லூரிக்கு வந்தும் கழித்தல் தெரியவில்லை என்றால் என்ன செய்வது? யாரும் தப்பு செய்யாதபடி இதை எப்படிச் சொல்வது? இதுவரை யாரும் பார்க்காத வித்தைகள் இரண்டு மூன்று சொல்வீர்களா? திரையில் ஸ்லைடு போட்டால் உதவுமா? கப்ரேக்கரின் 6174-ஐ (எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத நாலு இலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் அடுக்கிக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் வந்து நிற்கும் எண்) வைத்து ஒன்று செய்யலாமா? முடிவில் ரகசியத்தைச் சொல்லிவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

198 வந்தவர்களுக்குக் கழித்தல் நன்றாகவே தெரிந்திருக்கிறது. 574-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பினால் 475, கழித்தால் 99. அதைத் திருப்பினாலும் 99தான், கூட்டினால் 198. நீங்கள் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார்கள். 099 என்று எழுதிக்கொண்டு 990-ஐக் கூட்டவேண்டும் என்பது உங்கள் மனதில் இருந்திருக்கிறது, வாயில் வரவில்லை. 0 வந்தவர் 454 மாதிரி ஒன்றை நினைத்திருப்பார், அவர் செய்ததும் சரிதான். ஓட்டை உங்கள் பேச்சில், பழி மட்டும் கூட்டத்தின் தலையிலா? இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கோபம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சில நாட்களாக இதுவேதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளியில் எங்களுக்கு ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். நல்ல மனிதர், உற்சாகமானவர். ஒருநாள் நாலு இலக்க எண் ஒன்றை எழுதச் சொல்லி, அதன் இலக்கங்களைக் கூட்டி அந்த எண்ணிலிருந்தே கழிக்கச் சொன்னார். விடையில் ஒரு இலக்கத்தை அடித்துவிட்டு மிச்சத்தைச் சொன்னால் அடித்தது எது என்று சொல்வாராம். அப்படிக் கழித்து வருவது எப்போதும் ஒன்பதால் வகுபடும், அதனால் அதன் இலக்கங்களைக் கூட்டினாலும் ஒன்பதின் மடங்குதான் வரும், அவ்வளவுதான் சூட்சுமம். நான் 6321 எழுதினேன், 12 போக 6309. பூஜ்யத்தை அடித்துவிட்டு ஆறு, மூன்று, ஒன்பது என்றேன். கூட்டினால் 18, ஏற்கெனவே ஒன்பதின் மடங்கு. அடிபட்டது 0 ஆகவும் இருக்கலாம், 9 ஆகவும் இருக்கலாம். அவர் ஒன்பது என்றார். இல்லை சார், பூஜ்யம் என்றேன். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பூஜ்யத்தைப் போய் எவனாவது அடிப்பானா" என்று தலையில் ஒரு தட்டு. வகுப்பே சிரித்தது. "பூஜ்யம் ஏற்கெனவே காலி, அதை விட்டுவிட்டு வேறு ஒன்றை அடி" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் வித்தையும் பிழைத்திருக்கும், என் தலையும் பிழைத்திருக்கும்.

பார்ப்பவர் தப்பு செய்வார் என்று வைத்துக்கொண்டுதான் வித்தையைக் கட்டவேண்டும். நாலு படி கணக்கை அறுபது பேரிடம் ஒரே நேரத்தில் கொடுத்தால் எங்கேயாவது ஒருவர் இடறத்தான் செய்வார். இடறாமல் போனாலும் என்ன சுகம்? எதை நினைத்தாலும் ஒரே இடத்தில் வந்து முட்டுகிறது என்றால் அவருடைய தேர்வுக்கு அங்கே என்ன மரியாதை? பரீட்சை எழுதிவிட்டு எழுந்த மாதிரிதான் இருக்கும். இன்னொரு தடவை செய்யுங்கள் என்று கேட்டால் உங்களால் செய்யவும் முடியாது, மறுபடியும் அதே 1089 வந்து நிற்கும்.

யாரும் பார்க்காத வித்தை என்று எதுவும் என்னிடம் இல்லை. பழையது ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன். ஒருபக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை என்று 36 அட்டைகள் செய்துகொள்ளுங்கள், கடைசி வரிசைக்கும் தெரிகிற அளவில். ஐந்து வரிசையாக, வரிசைக்கு ஐந்து பேர் என்று 25 பேரை உட்காரவைத்து அட்டையைக் கொடுங்கள். எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்பது முழுக்க அவரவர் இஷ்டம். அப்புறம், "இது ரொம்பச் சுலபம், கொஞ்சம் கஷ்டமாக்குவோம்" என்று சொல்லி, ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் ஒருவரைச் சேர்த்து, அவர் அட்டையை மட்டும் நீங்களே திருப்பி வையுங்கள். அந்த வரிசையில் கறுப்பு இரட்டைப்படையாக வரவேண்டும். கறுப்பே இல்லாவிட்டாலும் இரட்டைப்படைதான். பிறகு முன்னால் ஆறு பேரை உட்காரவைத்து, மேலிருந்து கீழாகப் பார்க்கும்போதும் கறுப்பு இரட்டைப்படையாக வரும்படி செய்யுங்கள். சும்மா போகிறபோக்கில் வைக்கிற மாதிரி, பேசிக்கொண்டே செய்யவேண்டும். எண்ணுவது முகத்தில் தெரிந்தால் கதை முடிந்தது.

இப்போது முதுகைத் திருப்பிக்கொள்ளுங்கள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அட்டையைத் திருப்பட்டும். திரும்பிப் பார்த்தால் ஒரு வரிசையில் கறுப்பு ஒற்றைப்படையாக இருக்கும், ஒரு நெடுவரிசையிலும் அப்படியே. இரண்டும் சந்திக்கிற இடத்தில் இருப்பவர்தான் ஆள். நீங்கள் சேர்த்த பதினொரு பேரில் ஒருவர் திருப்பினாலும் மாட்டிக்கொள்வார். யாரும் தொடவில்லை என்றால் அதையும் சொல்லிவிடலாம், அதற்குத்தான் பெரிய கைதட்டல் வரும். முன்னால் உட்காரவைத்த ஆறு பேர் வரிசையில் கறுப்பு தானாகவே இரட்டைப்படையாக வரும். நெடுவரிசை எல்லாம் இரட்டை என்பதால் மொத்தமும் இரட்டை, மற்ற ஐந்து வரிசையும் இரட்டை, மிஞ்சியது வேறெப்படி இருக்கும்? முதுகைத் திருப்புவதற்கு முன்னால் அந்த ஒரு வரிசையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றையாக இருந்தால் நீங்கள்தான் எங்கேயோ பிசகியிருக்கிறீர்கள்.

இங்கே பார்ப்பவர் கணக்கே போடவில்லை, கவனித்தீர்களா? அவர் செய்வது ஒரு குறும்பு, அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணிதவியலாளர் வார இறுதியில் கணிக்கும் எந்திரத்திடம் கணக்கை விட்டுவிட்டுப் போவார். பிழை வந்ததும் அது அவர் கணக்கைப் பாதியில் கைவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். பிழை இருக்கிறது என்று தெரிகிற எந்திரத்துக்கு, எங்கே இருக்கிறது என்று தெரிந்து திருத்திக்கொள்ள ஏன் முடியாது என்று எரிச்சலில் கேட்டவர்தான் 1950-ல் பிழைதிருத்தும் குறியீடுகள் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். உங்கள் மன்றத்தில் 36 பேர் அட்டையோடு உட்கார்ந்து செய்யப்போவதும் அந்த வேலையின் எளிய வடிவம்தான்.

இரண்டு பேர் திருப்பிவிட்டால்? வெவ்வேறு வரிசை, வெவ்வேறு நெடுவரிசை என்றால் நாலு பேர் சந்தேகத்தில் நிற்பார்கள், எந்த இரண்டு என்று சொல்ல முடியாது. ஒரே வரிசை என்றால் அந்த வரிசை நல்லபிள்ளையாக இருக்கும், நெடுவரிசை இரண்டு மட்டும் காட்டிக்கொடுக்கும். "ஒருவர்தான் என்றேன், இரண்டு பேர் விளையாடிவிட்டீர்கள்" என்று சொல்லுங்கள். அதுவும் வித்தையாகவே போய்ச்சேரும்.

ஸ்லைடு வேண்டாம். 6174 சிலருக்கு ஏழு தடவை வரை கழிக்கவைக்கும், 198-க்கே உங்களுக்கு வியர்த்துவிட்டது. 1089-ஐ விட மனதில்லை என்றால், முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் வித்தியாசம் குறைந்தது 2 இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒரே ஒருவரைப் பலகையில் எல்லோரும் பார்க்கப் போடச் சொல்லுங்கள். தப்பினால் கூட்டமே திருத்திவிடும்.

ரகசியத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் முதல் தடவையே வேண்டாம். மூன்றாவது தடவை செய்யும்போது யாராவது விரல்விட்டு எண்ண ஆரம்பித்திருப்பார். அவரைக் கூப்பிட்டு உங்கள் இடத்தில் நிறுத்திவிட்டு, நீங்கள் போய் அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள்.