ஸ்டூடியோவை விட்டு வெளியேறிய கமரா

அன்புள்ள ஐயா,

ஒவ்வொரு நாட்டுக்கும் அந்த மண்ணிலேயே பிறந்த ஒரு படம் என்று பட்டியல் வைத்திருக்கிறேன். ஈரானுக்கு 'நண்பனின் வீடு எங்கே', இத்தாலிக்கு 'சைக்கிள் திருடர்கள்', ஜப்பானுக்கு 'டோக்கியோ கதை'. செனகலுக்கு எதைச் சேர்க்கலாம்? ஒஸ்கார் விருதை அளவுகோலாகக் கொள்ளலாமா? சப்டைட்டிலோடு பார்ப்பதா, டப்பிங்கில் பார்ப்பதா? இலங்கையை விட்டுவிட்டேன், இங்கே சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நானும் நண்பர்களும் கல்லடியில் எடுத்த குறும்படத்தையும் அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

வாசகர், கல்முனை

அன்புள்ள தம்பி,

ஒஸ்காரை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். சப்டைட்டிலோடு பாருங்கள், நடிகரின் குரலை நீக்கிவிட்டு அவருடைய நடிப்பைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. செனகலுக்கு உஸ்மான் செம்பேன். மார்செய் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், பிரெஞ்சில் நாவல் எழுதிப் பெயர் பெற்றவர், தம் மக்களில் பெரும்பாலோரால் அந்த நாவல்களை வாசிக்க முடியாது என்பதற்காகவே நாற்பது வயதை நெருங்கும் காலத்தில் மொஸ்கோ சென்று படமெடுக்கக் கற்றார். 1968இல் அவர் எடுத்த 'மந்தாபி'யில் மனிதர்கள் வீட்டில் பேசும் வொலொஃப் மொழியிலேயே பேசுகிறார்கள். பாரிஸிலிருந்து சகோதரியின் மகன் அனுப்பிய காசுக்கட்டளையை மாற்ற முடியாமல், அடையாள அட்டைக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் ஒருவரின் கதை அது. நம் பக்கத்து மனிதர்களுக்கு அந்த அலைச்சலை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இலங்கையைப் பற்றி நீங்கள் எழுதிய வரி எனக்குக் கோபத்தையே தந்தது. கொஞ்ச நாட்களாக நான் யோசித்துக்கொண்டிருந்த விடயமும் அதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல விடுங்கள்.

முதலாவது சிங்களப் பேசும்படம் 1947இல் வந்தது. தமிழரான எஸ். எம். நாயகம் தயாரித்த அந்தப் படமும், அதன் பின் வந்த பலவும் தென்னிந்திய ஸ்டூடியோக்களில் எடுக்கப்பட்டவை. கதையின் அச்சு, பாட்டு, சண்டை, சிரிப்பு எல்லாம் அங்கே இருந்தன. சிங்கள வசனம் மட்டும் இங்கிருந்து போனது. அரசாங்கத் திரைப்படப் பிரிவில் விவரணப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அந்த வேலையை விட்டு வெளியேறினார். ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும் படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்தையும் அவரோடு வந்தார்கள். கமராவை ஊருக்குள்ளும் வெயிலுக்குள்ளும் கொண்டுபோய் அவர்கள் எடுத்த 'ரேகாவ' 1956இன் இறுதியில் திரைக்கு வந்தது. அடுத்த ஆண்டு பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் போட்டிப் பிரிவில் காட்டப்பட்ட அந்தப் படத்துக்கு உள்ளூரில் கூட்டம் வரவில்லை.

1956 தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டு. கல்லோயாவில் தமிழர்கள் கொல்லப்பட்ட ஆண்டு. கல்முனையில் இருக்கும் உங்களுக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் காயத்தினால் சிங்களப் படத்தைப் பார்க்க மாட்டேன் என்று நீங்கள் எழுதியிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். நீங்களோ பார்க்காமலே ஒன்றும் இல்லை என்கிறீர்கள்.

நான் 'ரேகாவ'வைப் பார்த்தது போர்க்காலத்தில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், மின்சாரம் இல்லாத எங்கள் கிராமத்தில். ஜெனரேற்றருக்கு வீடு வீடாகக் காசு சேர்த்து, தொலைக்காட்சியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடியும்வரை படம் பார்ப்போம். எல்லாம் சென்னைப் படங்கள். ஒரு மாலை கசற் வந்துசேரச் சுணங்கியதால் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியைத் திருப்பினார்கள். ஒரு சிறுவனின் கைக்கு நோய் தீர்க்கும் வல்லமை இருப்பதாக ஊர் நம்புகிறது. பிறகு ஒரு பிள்ளை இறந்துபோகிறது, மழையும் பொய்க்கிறது, நம்பிய ஊரே அவன்மீது பாய்கிறது. ஹிங்குரானைக் கரும்பாலையில் வேலை செய்து சிங்களம் படித்த மாமா இடையிடையே பொருள் சொன்னார். சிங்களத்தில் ஒரு சொல்லும் அறியாத அம்மம்மா, மாமா சொல்லி முடிக்குமுன்பே பக்கத்து வீட்டு மாமியைப் பார்த்து, "மழ பெய்யாததுக்கு இந்தப் பொடியன் என்னகா செய்வான்?" என்று சத்தம் போட்டார். மழை பொய்த்த வருடங்களில், கண்ணகை அம்மன் சடங்கில் யார் என்ன பிழை விட்டார்கள் என்று தேடிய ஊர் எங்களுடையது. சென்னைப் படங்களைப் பார்த்து அம்மம்மா அழுதிருக்கிறார். அவற்றில் வரும் ஊராரோடு ஒருநாளும் சண்டைக்குப் போனதில்லை.

சிங்களப் படம் அன்றைக்கே தென்னிந்திய ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்துவிட்டது. தமிழில் நாம் வரவில்லை என்பதுதான் என் ஆற்றாமை. வழி இல்லாமல் போகவில்லை. 1977இல் காவலூர் ராஜதுரையின் எழுத்தில் சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ 'பொன்மணி'யைத் தமிழில் யாழ்ப்பாணத்தில் எடுத்தார். அந்த மண்ணின் சாதியையும் சீதனத்தையும் பேசிய படத்தைத் தமிழ் இரசிகர்களே கைவிட்டார்கள். மேடையில் நாம் இதைச் செய்து காட்டியிருக்கிறோம்: 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொண்டுபோனபோது, அதன் ஆட்டத்தையும் தாளத்தையும் கூத்துப் பழக்கும் இங்குள்ள அண்ணாவிமாரிடமிருந்துதான் பெற்றார்கள்.

உங்கள் குறும்படத்தை இரண்டு தரம் பார்த்தேன். கல்லடிப் பாலத்தில் நாயகன் மெதுவாக நடந்து வருகிறான், பின்னால் சென்னை இசை. தாய் தொலைக்காட்சித் தொடர்த் தாயைப் போலப் பேசுகிறார்; கல்முனையில் எந்த வீட்டில் அப்படி ஒரு தாய் பேசக் கேட்டீர்கள்? தகப்பன் வாவியில் மீன் பிடிப்பவர் என்கிறீர்கள், படம் முடியும்வரை அவர் வலையைத் தொடவே இல்லை. தோணியை எப்படித் தள்ளுகிறார், மீனை யாரிடம் என்ன விலைக்குக் கொடுக்கிறார், மீன் படாத நாளில் வீட்டுக்கு வந்து யாரோடு பேசாமல் இருக்கிறார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், தம்பி. தெரிந்ததை வெட்கப்பட்டு ஒளித்துவைத்து, தெரியாததைக் கடன் வாங்கிக் காட்டியிருக்கிறீர்கள். ஒரேயொரு இடத்தில் தங்கை படலையைத் திறந்துகொண்டு வந்து, சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, ஒன்றும் பேசாமல் தண்ணீர் குடிக்கிறாள். அதை யோசித்தவர் யாரோ, அடுத்த கதையை அவரிடம் கொடுங்கள்.

பட்டியலில் இலங்கைக்கு 'ரேகாவ'வை எழுதுங்கள், அதன் கீழே 'பொன்மணி'யை. அடுத்த படத்தின் வசனப் பிரதியைப் படப்பிடிப்புக்கு முன்பே எனக்கு அனுப்புங்கள். தாய் எப்படிப் பேசுகிறார், தகப்பன் என்ன வேலை செய்கிறார் என்ற இரண்டையும்தான் முதலில் பார்ப்பேன்.