ஜிடி 730 கார்டை வைத்துக்கொண்டு வேலண்டுக்கு மாறலாமா?

தங்கச்சிமடத்தில் கணினி மையம் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மனு தட்டச்சு, ஸ்கேன், பாஸ்போர்ட் அளவுப் படம் ஆகிய வேலைகளுக்காக வைத்திருக்கும் மேசைக் கணினியில் உபுண்டு 24.04 உள்ளது. என்விடியா ஜிடி 730 கார்டு, அந்த நிறுவனத்தின் சொந்த டிரைவர் மென்பொருளோடு ஓடுகிறது. இனி எக்ஸ் 11 கிடையாது, வேலண்ட் மட்டும்தான், கார்டை மாற்றாவிட்டால் திரை கறுத்துவிடும் என்று சொல்லும் சர்வீஸ்காரர், பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ ஒன்றை வாங்கித் தருவதாகக் கூறுகிறார். வாங்கலாமா?"

வாங்க வேண்டாம். அவசரமும் இல்லை. எக்ஸ் 11, வேலண்ட் இரண்டுமே மென்பொருள்களின் சாளரங்களைத் திரையில் காட்டும் ஏற்பாடுகள்; முன்னது பழையது, பின்னது புதியது. 2025 அக்டோபரில் வெளியான உபுண்டு 25.10 பதிப்பிலிருந்து அதன் வழக்கமான மேசைத்திரையில் எக்ஸ் 11 எடுக்கப்பட்டுவிட்டது என்பது உண்மைதான். ஆனால் உங்களிடம் இருக்கும் 24.04 பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும். ஓடும் கணினியைக் காட்டிப் பயமுறுத்திக் கார்டு விற்பவரிடம், எந்தப் பதிப்பில், எந்தத் தேதியில் திரை கறுக்கும் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. திரையில் வரைய வேண்டிய படத்தை டிரைவரும் வேலண்டும் நினைவகத்தின் வழியாகக் கைமாற்றிக்கொள்வதற்கு ஜிபிஎம் என்ற பொதுவான முறையை மற்றவர்கள் எல்லாம் ஏற்றுக்கொண்ட பிறகும், என்விடியா தன் சொந்த முறையையே பல ஆண்டுகள் பிடித்துக்கொண்டிருந்து, 2021 அக்டோபரில் வந்த 495 வரிசை டிரைவரில்தான் இறங்கி வந்தது. உங்கள் கார்டின் கெப்ளர் என்ற சிப் தலைமுறைக்கோ, அதற்கு முந்தைய 470 வரிசையோடு கதவு மூடப்பட்டுவிட்டது. டிரைவரின் மூலநிரல் பூட்டியே இருப்பதால் வெளியார் யாரும் அதைத் திருத்தித் தரவும் முடியாது. நன்றாக உழைக்கும் கார்டைக் குப்பை என்று சொல்ல வைக்கும் இந்த ஏற்பாட்டின் மீது எனக்குப் பொறுமை போய் வெகுகாலமாகிறது.

கெப்ளர் என்று சொன்னேனே, அதையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஜிடி 730 என்ற ஒரே பெயரில் இரண்டு தலைமுறைச் சிப்புகள் விற்கப்பட்டன. ஒன்று 96 கோர்கள் (கணக்கிடும் சிறு அலகுகள்) கொண்ட பழைய ஃபெர்மி, மற்றொன்று 384 கோர்கள் கொண்ட கெப்ளர். அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் 2 ஜிபி, 4 ஜிபி என்று போட்டிருப்பது நினைவகத்தின் அளவு மட்டுமே. அதை வைத்துத் தலைமுறையைச் சொல்ல முடியாது. என்விடியா எக்ஸ் சர்வர் செட்டிங்ஸ் என்ற பலகத்தைத் திறந்து, கார்டின் பெயருக்குக் கீழே கூடா கோர்ஸ் என்ற வரியில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். உபுண்டுவின் அடிஷனல் டிரைவர்ஸ் பலகத்தில் 470 என்ற எண் தேர்வாகி, அதே டிரைவர் ஓடிக்கொண்டும் இருந்தால் அது கெப்ளர்தான்; ஏனெனில் 470 ஃபெர்மியை ஏற்காது. 390 என்ற எண் இருந்தால் மட்டும் குழப்பம், அந்த வரிசை இரண்டையும் ஏற்கும். அப்போது கோர்களின் எண்ணிக்கையே சாட்சி.

எதுவானாலும் உங்கள் வேலைக்கு வழி ஒன்றுதான். முதலில் கணினியின் பின்புறத்தில், யுஎஸ்பி துளைகள் இருக்கும் பகுதியிலேயே ஒரு விஜிஏ அல்லது எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று பாருங்கள். கார்டு போட்டவர் அதன் மேல் பிளாஸ்டிக் மூடி மாட்டியிருக்கலாம். பெரும்பாலான இன்டெல் பிராசசர்களுக்குள்ளேயே படம் காட்டும் பகுதி இருக்கிறது (பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்து இருந்தால் இல்லை). அப்படி இருந்தால் அடிஷனல் டிரைவர்ஸில் என்விடியா டிரைவரை விலக்கி, கணினியை அணைத்து, கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, மானிட்டர் வயரை அந்தத் துளையில் மாட்டுங்கள். மனு தட்டச்சுக்கும் படம் வெட்டுவதற்கும் அது தாராளம். அந்தக் கார்டு உங்கள் கணினிக்குள் எதற்காக வந்தது என்பதே விற்றவரைக் கேட்க வேண்டிய கேள்வி.

உள்ளே அந்த வசதி இல்லையென்றால், அதே பலகத்தில் நூவோ என்ற திறந்த மூல டிரைவரைத் தேர்ந்தெடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள். வேகம் குறையும், விளையாட்டுக்கு உதவாது, உங்கள் மையத்துக்குப் போதும். கடவுச்சொல் கேட்கும் திரையின் வலது கீழ் மூலையில் உள்ள பற்சக்கரத்தைத் தொட்டால் உபுண்டு, உபுண்டு ஆன் சோர்க் என இரண்டு தேர்வுகள் வரும். முதலாவது வேலண்ட், இரண்டாவது பழைய எக்ஸ் 11. பதிப்பை மாற்றும் முன்பே, இப்போதைய 24.04 பதிப்பில் முதலாவதைத் தேர்ந்து ஒரு வாரம் வேலை பார்த்துவிடலாம்.

அந்த 1050 டிஐ விஷயத்துக்கு வருகிறேன். அது பாஸ்கல் தலைமுறை. அதற்கும் 580 வரிசையே கடைசி. அதாவது இன்று உங்கள் 730 நிற்கும் இடத்துக்கே அதுவும் வந்து சேரும். அதைவிட மோசமானது, பழைய ஃபெர்மி கார்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் என்ற அடிப்படை நிரலை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று பெயர் காட்ட வைத்து விற்கும் போலிச் சரக்கு. பாஸ்கல் சிப்புக்கு விஜிஏ வெளியீடு இயல்பாகக் கிடையாது. ஆகவே 1050 டிஐ என்று நீட்டப்படும் கார்டில் நீல நிற விஜிஏ துளை தெரிந்தால் பணத்தைப் பையை விட்டு எடுக்காதீர்கள். டிரைவரை உபுண்டுவின் பலகத்தில் இருந்து எடுக்காமல், இணையத்தில் இறக்கிய கோப்பை நேரடியாக நிறுவித் தருகிறேன் என்பவரையும் தவிர்த்துவிடுங்கள். உபுண்டுவின் மையப் பகுதியான கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அந்த நிறுவல் உடைந்து திரை கறுத்தால், அவருக்கு இன்னொரு வருகைக் கட்டணம் கிடைக்கும்.

கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. திரையில் கோடுகள் விழுந்தால் உடனே டிரைவர் மீது பழி போடாதீர்கள். கணினியை இயக்கியவுடன் வரும் பயாஸ் திரையிலேயே கோடுகள் இருந்தால், அப்போது எந்த டிரைவரும் ஏறியிருக்காது. கோளாறு கார்டிலோ வயரிலோதான். உப்புக் காற்றில் கார்டின் பொன்னிறப் பற்கள் கறுத்துப் பச்சை பூத்திருக்கக்கூடும். மின்சாரத்தைத் துண்டித்து, கார்டைக் கழற்றி, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துகளை ஊதிவிட்டு மாட்டிப் பாருங்கள்.

வேலண்டுக்கு மாறிய பின் தமிழ்99 தட்டச்சு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக முன்போலவே நடக்கும். பழைய மென்பொருள்கள் எக்ஸ்வேலண்ட் என்ற இடைத்தளத்தில் ஓடும். வெளியிலிருந்து உங்கள் கணினியை இயக்க உதவும் சில மென்பொருள்கள்தான் தகராறு செய்யும். வேலண்டில் திரையைப் பகிரும் முன் உங்கள் அனுமதியைக் கேட்கும். அதை எரிச்சல் என்று சர்வீஸ்காரர் சொல்வார். வாடிக்கையாளரின் ஆதார் நகல்கள் கிடக்கும் கணினியில் அந்த அனுமதிக் கேள்வியை யார் சொன்னாலும் நிறுத்தி வைக்காதீர்கள்.