மனைக்கு அடியில் என்ன மண்? வாசகர் கேள்விகள்

கேள்வி: திருவான்மியூரில் ஒரு கிரவுண்டு மனை. தரைத்தளமும் மூன்று மாடியும் கட்டப்போகிறோம். "பக்கத்து மனையின் சாயில் ரிப்போர்ட்டே போதும், சென்னையில் பூகம்பமா வரப்போகிறது?" என்கிறார் கான்ட்ராக்டர். சரிதானா?

பதில்: இல்லை. 2002-இல் சென்னை இரண்டாம் நில அதிர்வு மண்டலத்திலிருந்து, அதைவிட அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி, புதுச்சேரிக்கு அப்பால் கடலில் உண்டான அதிர்வு சென்னையிலும் நன்றாக உணரப்பட்டது.

உங்கள் பகுதியில் பார்க்க வேண்டியது கடலோர மணலையும், மேலாகவே நிற்கும் நிலத்தடி நீரையும். அலை வந்துபோன ஈர மணலில் ஒரே இடத்தில் கால் மாற்றி மாற்றி மிதித்துப் பாருங்கள். கெட்டியாக இருந்த மணல் தளதளத்து, கால் புதையும். நடுவே மாட்டிய தண்ணீர் வெளியேற நேரமில்லாமல் அழுத்தம் ஏறி, துகள்களுக்குள் இருந்த பிடிப்பைக் குலைத்துவிடுகிறது. மணல் இப்படிக் குழம்பிப்போவது பூகம்பத்தில் பெரிய அளவில் நடக்கிறது. 1964-இல் ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடிக் கட்டடங்கள் சுவர்கூட அதிகம் உடையாமல் அப்படியே சாய்ந்து படுத்தன. கட்டடத்தில் குறையில்லை, கீழே இருந்த மணல் கைவிட்டது.

பக்கத்து மனை ரிப்போர்ட் உங்களுக்கு ஒரு குறிப்பு மட்டும்தான். குட்டையோ கிணறோ மூடிய இடமென்றால் 10 மீட்டர் தள்ளியே மண் மாறிவிடும். சின்ன கட்டடத்துக்கு நடுவில் ஒரு போர்ஹோல் (மண்ணைச் சோதிக்கப் போடும் துளை) போதும் என்கிறது மண் ஆய்வுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1892. 0.4 ஹெக்டேர் மனைக்கு நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து. மணல் பகுதியில் ஃபுட்டிங் (அஸ்திவாரம்) ஆழத்தோடு நிறுத்திவிடாமல் 15 முதல் 20 மீட்டர் வரை இறங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ரிப்போர்ட்டில் 3 மீட்டர் ஆழத்தில் என்-மதிப்பு 17 என்று இருக்கிறது. நம்பலாமா?

பதில்: அந்த 17 எப்படி வந்தது என்று முதலில் கேளுங்கள். மண் எவ்வளவு கெட்டி என்று பார்க்கும் எஸ்.பி.டி. சோதனையில் 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, மாதிரிக் குழாயை 45 சென்டிமீட்டர் இறக்குவார்கள். ஒவ்வொரு 15 சென்டிமீட்டருக்கும் எத்தனை முறை அடித்தார்கள் என்று தனித்தனியாக எழுத வேண்டும். முதல் 15-ஐக் கணக்கில் சேர்ப்பதில்லை, துளை போட்டதில் கலைந்த மண் அது. கடைசி இரண்டின் கூட்டல்தான் என்-மதிப்பு. அடிகள் 4, 6, 7 என்றால் அது 13. மூன்றையும் கூட்டினால் 17! மூன்றாம் மண்டலத்தில் 5 மீட்டர் ஆழம் வரை, நீர்மட்டத்துக்குக் கீழுள்ள மணலுக்குத் திருத்திய என்-மதிப்பு 15-ஆவது இருக்க வேண்டும் என்கிறது பூகம்பத்துக்கான தரவிதி ஐ.எஸ். 1893. 10 மீட்டருக்குக் கீழே 25. தப்பாகக் கூட்டிய 17-ஐ வைத்தால் தேறிவிட்டதாகத் தோன்றும். சரியான 13-ஐயும் அப்படியே ஒப்பிடக்கூடாது, ஆழத்துக்கும் சுத்தியலின் ஆற்றலுக்கும் திருத்தம் போட்ட பிறகுதான் ஒப்பிட வேண்டும். அதனால் மூன்று எண்களும் இல்லாத ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

இரண்டு தப்பு அடிக்கடி நடக்கிறது. சுத்தியலைத் தூக்கும் கயிற்றை உருளையில் கூடுதலாகச் சுற்றினாலோ, சுத்தியலை 60 சென்டிமீட்டர் மட்டும் தூக்கிப் போட்டாலோ, அடி வலுவிழந்து எண்ணிக்கை கூடும். மண் இருப்பதைவிடக் கெட்டி என்று காட்டும். இதுதான் ஆபத்தான தப்பு. வழிகாட்டிக் கம்பியில் 75-க்குச் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். மற்றது, துளைக்குள் இருக்கும் நீர் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடுவது. வெளி நீர் மணலோடு உள்ளே பொங்கும், மண் கலைந்து எண்ணிக்கை குறையும், தேவையில்லாமல் பைல் (ஆழத் தூண் அஸ்திவாரம்) அடிக்கும் செலவு வரும். துளையில் தண்ணீரோ பென்டோனைட் களிமண் கரைசலோ எப்போதும் மேல்வரை நிற்க வேண்டும். மாதிரிக் குழாயைத் தாங்கும் ராடையும் மெதுவாகத்தான் இழுக்க வேண்டும்.

குழாயில் வந்த மணலைச் சல்லடைச் சோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். 75 மைக்ரான் சல்லடை வழியே எவ்வளவு போகிறது என்பது தெரியாமல், மணல் குழம்புமா என்று கணக்கிட முடியாது.

கேள்வி: எங்கள் மனை வேளச்சேரி, வெறும் களிமண். களிமண் மணலைப் போலக் குழம்பாதே, பிறகென்ன பயம்?

பதில்: களிமண் அதிர்வைப் பெருக்கிக் கொடுக்கும். 1985 செப்டம்பர் 19-இல் பூகம்பம் உண்டானது பசிபிக் கரையில். 350 கிலோமீட்டர் தள்ளியிருந்த மெக்சிகோ நகரம் நொறுங்கியது. அது பழைய ஏரிக் களிமண் மேல் எழுந்த ஊர். அந்தக் களிமண் 2 வினாடிக்கு ஒருமுறை ஆடும் அதிர்வை வளர்த்துவிட்டது, நடுத்தர உயரக் கட்டடங்கள் அதற்கு ஒத்து ஆடின.

நம் விதியிலும் இது உண்டு. 30 மீட்டர் ஆழத்துக்குச் சராசரி என்-மதிப்பு 10-க்குக் குறைந்தால் அது மென்மண். செங்கல் சுவர் சேராத 30 மீட்டர் உயரக் காங்கிரீட் சட்டகத்துக்கு அலைவு நேரம் (ஒருமுறை ஆடி வர ஆகும் நேரம்) சுமார் 1 வினாடி வரும். அந்த அலைவு நேரத்தில் விசைக்கான எண் பாறைக்கு 1.0 என்றால் மென்மண்ணுக்கு 1.67, அதாவது 67 சதவீதம் கூடுதல் விசை. மண் வகையைத் தப்பாக எழுதினால் கம்பிக் கணக்கு அவ்வளவு தப்பும்.

மென்களிமண்ணுக்கு எஸ்.பி.டி. மட்டும் போதாது. மெல்லிய குழாயில் கலையாத மாதிரி எடுத்து, இரு முனையிலும் மெழுகு ஊற்றி அடைத்து, குலுங்காமல் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். மொட்டைமாடி வெயிலில் ஒரு வாரம் கிடந்த குழாயைச் சோதித்துப் பயனில்லை.

கேள்வி: தரைமேல் சுத்தியலால் அடித்து அலையை அளக்கும் மாஸ்வ் சோதனை செய்தால் போர்ஹோலே வேண்டாமா?

பதில்: வேண்டும். மாஸ்வ் அலை வேகத்தைச் சொல்லும்; மண் மாதிரியையும் நீர்மட்டத்தையும் தராது. இரண்டையும் சேர்த்துச் செய்வது நல்லது.

நீர்மட்டத்தைப் போர் முடிந்து 24 மணி நேரம் கழித்து அளக்கச் சொல்லுங்கள். மே மாதத்தில் எடுத்த அளவை அப்படியே கணக்கில் போடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த இடத்தில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பக்கத்துக் கிணறுகளில் விசாரித்து, அந்த மட்டத்தைப் போட வேண்டும்.