மேஸ்திரி பதில்கள்: அமெரிக்காவுக்கு ஒரு கார் நிகழ்ச்சி

(வேலூர் காட்பாடி ரோட்டில் கார் ஷெட் வைத்திருந்த மேஸ்திரி, வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: பிபிசியின் ‘டாப் கியர்’ கார் நிகழ்ச்சியை அமெரிக்காவிலும் எடுத்தார்களே, உங்களிடம் கொடுத்திருந்தால்? – வாசகர், காட்பாடி

பதில்: முதல்ல டிரைவரை மாத்தியிருப்பேன். பிரிட்டன்ல 2002ல புதுசா ஆரம்பிச்சப்போ ருசியே எதுல இருந்ததுன்னா, வாயாடிங்க கூடி வண்டியைச் சொதப்புறதுல. ஒழுங்கா ஓட்டுறவர் ஹெல்மெட்டால முகத்தை மறைச்ச ‘ஸ்டிக்’ ஒருத்தர்தான், அவர் வாயே திறக்க மாட்டார். 2010ல ஹிஸ்டரி சேனல் எடுத்த அமெரிக்க நிகழ்ச்சியில டானர் ஃபவுஸ்ட்னு நிஜ ரேஸ்காரரையே பேச உட்கார வெச்சாங்க. ஓட்டத் தெரிஞ்சவர்கிட்ட என்ன கதை இருக்கு? நம்ம ஷெட்டுலயும் வண்டியை நல்லா வெச்சிருக்கிறவர் ஆயில் மாத்திக்கிட்டுப் போயிடுவார். கிளட்ச் மேலயே காலை வெச்சு ஏலகிரி ஏறினவர்தான் ரெண்டு டீ முடியிற வரைக்கும் பேசுவார்: “நான் இன்னா மேஸ்திரி பண்ணேன், அதுவா கருகிடுச்சு!”

அதனால நிகழ்ச்சி நடத்துற மூணு பேர்ல ஒருத்தர் கிளட்சையே மிதிச்சிராதவரா இருக்கணும். அமெரிக்காவுல பெரும்பாலும் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டிங்கிறதால அப்படி ஆள் பஞ்சமில்லை. அவரைக் கிளட்ச் வெச்ச பழைய காரோட சான் பிரான்சிஸ்கோ மேட்டு சிக்னல்ல நிறுத்தி, பின்னாலேயே ஒரு பிக்கப்பை ஒட்டி நிறுத்திட்டா அரை மணி நேரம் தானா ஓடும்.

கேள்வி: நடிகர்களை மலிவான காரில் ஒரு சுற்று ஓட்டச் சொல்வார்களே, அது? – வாசகர், ராணிப்பேட்டை

பதில்: பிரிட்டன்ல சுசுகி லியானா, அமெரிக்காவுல சுசுகி எஸ்எக்ஸ்4. 2012ல சுசுகியே அமெரிக்காவுல கார் விக்கிறதை நிறுத்துறோம்னு சொல்லிட்டுது. சின்ன காருக்கு அங்கே அவ்வளவுதான் மரியாதை. நான் டிராக்கே வேண்டாம்னுடுவேன். நடிகர் காரை விட்டு இறங்காம டிபன், பேங்க், மருந்துக் கடை மூணையும் முடிக்கணும். கால் தரையில பட்டா அவுட். மூணுக்கும் அங்கே கார் ஜன்னலுக்கு நேரா கவுன்ட்டர் உண்டு.

கேள்வி: பிரிட்டன் நிகழ்ச்சியில் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பைக் கடலில் முக்கினார்கள், அடுக்குமாடி மேல் வைத்துக் கட்டடத்தையே தகர்த்தார்கள், அப்புறமும் ஸ்டார்ட் ஆனது. அமெரிக்காவில் அதைச் செய்யலாமா? – வாசகர், ஆம்பூர்

பதில்: செய்ய ஹைலக்ஸ் வேணுமே, அங்கே விக்கிறதில்லையே! வெளிநாட்டுப் பிக்கப் அங்கே அரிதா இருக்கிறதுக்குக் கோழியும் ஒரு காரணம். ஆம்பூர்க்காரர் கேட்டுட்டதால விளக்கமாவே சொல்றேன். 1960கள்ல அமெரிக்கக் கோழி மலிவா வந்து இறங்குதுன்னு ஐரோப்பியச் சந்தை நாடுங்க அதுக்கு வரியை ஏத்தினாங்க. பதிலுக்கு ஜனாதிபதி ஜான்சன் பிக்கப் மாதிரி வெளிநாட்டுச் சின்ன லாரிக்கு 25 சதவீதம் வரி போட்டார், 1964ல அமலுக்கு வந்தது. கோழிச் சண்டை ஓய்ஞ்சு போச்சு, வரி அப்படியே நின்னுடுச்சு.

அப்புறம்தான் வேடிக்கை. துருக்கியில செஞ்ச ‘டிரான்சிட் கனெக்ட்’ சரக்கு வேனுக்கு ஃபோர்டு பின் சீட்டு போட்டு, பயணிகள் வண்டின்னு கப்பல் ஏத்தும். அதுக்கு அப்போ வரி வெறும் 2.5 சதவீதம். அமெரிக்காவுல இறங்கினதும் சீட்டைக் கழட்டிடுவாங்க. கடைசியில 2024ல 36.5 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க. எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்குப் போற வண்டிக்கு அடுத்தவர் டயரைக் கடன் வாங்கி மாட்டி, சாயங்காலம் கழட்டிக் குடுக்கிறவங்களை நான் பார்த்திருக்கேன். அவங்களுக்குக் கப்பல் வசதி மட்டும்தான் இல்லை. நம்ம நிகழ்ச்சியில மூணு பேருக்கும் ஆளுக்கொரு வேன், ஒரு ஸ்பானர். துறைமுக கேட்டைத் தாண்டுறதுக்குள்ள யார் சீட்டைக் கழட்டுறாங்களோ அவங்களுக்குக் கோப்பை, கோப்பை நிறைய பிரியாணி.

கேள்வி: என் வீட்டுக்காரர் ராத்திரி ஒரு மணி வரை இதையே பார்க்கிறார். கார் வாங்கிவிடுவாரோ? – வாசகி, குடியாத்தம்

பதில்: பயப்படாதீங்கம்மா. வாங்கப் போறவர் மைலேஜைத்தான் கேட்பார்.

கேள்வி: வேலூரில் எடுத்தால் டிராக்குக்கு எங்கே போவீர்கள்? – வாசகர், வாணியம்பாடி

பதில்: பிரிட்டன்ல டன்ஸ்ஃபோல்டு, கலிஃபோர்னியாவுல எல் டோரோ, ரெண்டுமே விமானத் தளமா இருந்த இடங்க. நமக்குப் பாலாறு இருக்கு. தண்ணி வராத மாசத்துல எவ்வளவு அகலம்! மணல்ல சக்கரம் புதையுமேன்னு கவலை வேண்டாம், திருட்டு மணல் அள்ளுற லாரிக்காரங்க ராத்திரி ராத்திரியா பழகி வெச்சிருக்காங்க. ‘ஸ்டிக்’ வேஷத்துக்கும் அவங்கள்லயே ஆள் எடுத்துக்கலாம்; முகத்தைக் காட்ட மாட்டாங்க, யார் கேட்டாலும் பேச மாட்டாங்க.