ஐம்பதை நெருங்கும்போது இரவில் கஞ்சி மட்டும் போதுமா?

"வயது 47. எளிமையாக இருப்போம் என்று இரவில் கஞ்சி மட்டும் குடிக்கிறேன், சரியா? இனி எதற்காக ஓடுவது என்றும் புரியவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சோற்றைக் குறைத்தது சரி. ஆனால் எளிமை என்றதும் நம் வீடுகளில் முதலில் காணாமல் போவது பருப்பும் முட்டையும்தான். முப்பதைத் தாண்டினாலே பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. தசையைக் காக்கப் புரதம் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொல்லும் அளவு, எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம். முட்டை ஒன்றிலேயே 6 கிராம்தான், வெறும் கஞ்சி எந்த மூலைக்கு? கூடவே ஒரு கிண்ணம் சுண்டல் வையுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், எதற்காக என்ற கேள்வி. எனக்கு அது மொட்டைமாடியில் நாலு தொட்டிக் கத்தரிச் செடியோடு அடங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றவே தினமும் இரண்டு மாடி ஏறுகிறேன்.