கிராஃபிக் டிசைன் பட்டப்படிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மகள் எஸ்.பி.எம்-இல் (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) காட்சிக்கலைக் கல்வி எடுக்கவில்லை. கிராஃபிக் டிசைன் படிக்க முடியுமா? (பட்டர்வொர்த் வாசகி)

முடியும், அம்மா. அந்தப் பாடம் எடுக்காதவர்களிடம் பெரும்பாலும் நேர்காணல் வைப்பார்கள் அல்லது வரைந்ததைக் கொண்டுவரச் சொல்வார்கள். இன்றே வரையத் தொடங்கட்டும்.

கோலாலம்பூரில் எந்தக் கல்லூரி நல்லது? (செந்தூல் வாசகர்)

கடிதத்தில் இந்த ஒரு வரிதான் இருக்கிறது. என்ன தேர்வு எழுதினீர்கள், எவ்வளவு செலவு செய்ய முடியும் என்று எதையும் சொல்லாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள். அதற்குள் நீங்கள் நினைத்திருக்கும் கோர்ஸ், அங்கீகாரம் பெற்ற கோர்ஸ்களின் அரசுப் பட்டியலான எம்.கியூ.ஆர் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி பெயரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், கோர்ஸ் பெயரையும் வளாகத்தையும் பாருங்கள்.

தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் கையேட்டில் "95% பட்டதாரிகளுக்கு வேலை" என்று இருக்கிறது. நம்பி மகனைச் சேர்க்கலாமா? (புக்கிட் மெர்தாஜம் வாசகர்)

அந்த எண்ணை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள். உயர்கல்வி அமைச்சு ஆண்டுதோறும் பட்டதாரிகளிடம் ஓர் ஆய்வு நடத்துகிறது. பட்டமளிப்பு விழா நெருங்கும்போது மாணவர்களே அதை நிரப்புகிறார்கள். அதில் வரும் விகிதத்தில் வேலையில் இருப்பவர்களோடு மேற்படிப்புக்குப் போனவர்களும், திறன் பயிற்சியில் இருப்பவர்களும், வேலையில் சேரக் காத்திருப்பவர்களும் அடக்கம். அமைச்சு இதை மறைக்கவில்லை. கையேட்டுக்கு வரும்போதுதான் எல்லாம் சேர்ந்து "வேலை" ஆகிவிடுகிறது.

என்ன வேலை என்பது அடுத்த சங்கதி. டிசைன் படித்துவிட்டு கடையில் காசாளராக இருப்பவரும் கணக்கில் வேலையில் இருப்பவர்தான். அப்புறம், அந்த 95% பெரும்பாலும் முழுப் பல்கலைக்கழகத்துக்கானது. கணக்கியல் மாணவர்களின் வேலை உங்கள் மகனுக்குச் சோறு போடாது.

ஊழியர் சேமநிதியை எடுத்துக் கட்டணம் கட்டும் பெற்றோரை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தப் பணத்துக்கு ஒரு நேரான பதில் வேண்டும். துறைத் தலைவரிடம் கேளுங்கள்: போன ஆண்டு இந்தக் கோர்ஸை முடித்தவர்கள் எத்தனை பேர், டிசைன் வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர், எங்கே, முதல் சம்பளம் எவ்வளவு? இன்று சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. பட்டதாரிக்கு அதற்குப் பக்கத்தில்தான் கிடைக்கிறது என்றால் யோசிக்க வேண்டும். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். இறுதியாண்டுக் கண்காட்சிக்கு மகனோடு போய் மாணவர்களிடமும் பேசுங்கள். கையேடு சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

போர்ட்ஃபோலியோவில் 40 படைப்புகள் வைத்திருக்கிறேன். போதுமா? (சுபாங் ஜெயா மாணவர்)

மிக அதிகம். பத்துக்குள் நிறுத்துங்கள். ஒவ்வொன்றிலும் முதல் ஸ்கெட்ச் எப்படி இருந்தது, ஏன் மாற்றினீர்கள் என்று காட்டுங்கள்.

தீபாவளிப் பதாகை செய்தேன். எழுத்துகளில் கொம்பு இடம் மாறி நிற்கிறது. விரிவுரையாளருக்கும் தெரியவில்லை. (பினாங்கு மாணவி)

இன்டிசைன் மென்பொருளில் செய்தீர்கள் என்றால் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழி வசதியை முதலில் இயக்க வேண்டும். எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும். அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்துகளை அவுட்லைன் (வெறும் வடிவங்கள்) ஆக்கி, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். முத்து நெடுமாறன் போன்றவர்கள் இந்த நாட்டிலிருந்தே தமிழ் எழுத்துருக்களை உருவாக்கியிருக்கிறார்கள். இங்கேயே உடைந்த கொம்போடு பதாகை தொங்குவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. இதை நீங்கள் கற்றுக்கொண்டால் உங்கள் வகுப்பில் பலரிடம் இல்லாத திறமை உங்களிடம் இருக்கும்.

பினாங்கை விட்டுப் போகாமல் அரசுப் பல்கலைக்கழகத்தில் டிசைன் படிக்கலாமா? (கெலுகோர் வாசகி)

படிக்கலாம். உங்கள் ஊரிலேயே யு.எஸ்.எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) இருக்கிறது, அங்கே கலைத் துறையும் உண்டு. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யு.பி.யு வழியாக விண்ணப்பியுங்கள். தனியாரோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு.

முன்பணம் கட்டிவிட்டேன். பி.டி.பி.டி.என் (அரசு உயர்கல்விக் கடன் நிதி) கடன் கிடைக்குமா? (கிள்ளான் வாசகர்)

கட்டுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அங்கீகாரம் இல்லாத கோர்ஸுக்குக் கடன் கிடைக்காது. மறுபடியும் சொல்கிறேன், எம்.கியூ.ஆர் பதிவைப் பாருங்கள். கோர்ஸ் அதில் இல்லையென்றால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்றே எழுத்து மூலம் கடிதம் கொடுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.